பிசின் மரத்து விருந்து

மனிதன் இன்னும் தலைகாட்டாத ஒரு காட்டில், பெருத்த தலை எறும்புகள் ஒரு புற்றில் வாழ்ந்தன. வேலைக்காரிகள் எல்லோரும் அக்கா தங்கைகள். அங்கே ஒரே சட்டம்: முன்னே போனவள் விட்டுப்போன வாசனையைப் பிடித்தே பின்னால் வருகிறவள் நடக்க வேண்டும். ஓர் அடி விலகினாலும் அடங்காப்பிடாரி என்று பெயர்!

ஒருநாள் அந்தப் பாதையில் ஒரு மரம் பிசின் வடித்தது. காலையில் இரை தேடிப் போன இருபது பேர் திரும்பவில்லை.

"ஏன் வரவில்லை?" என்று ராணி கேட்டாள்.

"அங்கே விருந்து பலமாக இருக்கும், அம்மா! சாப்பாடு சரியில்லை என்றால் ஓடிவந்து குறை சொல்லியிருப்பார்களே!" என்றாள் பெரியக்கா. அவள் புற்றைவிட்டு வெளியே போய் வெகுநாள் ஆயிற்று. மற்றவர்களை அனுப்புவதுதான் அவள் வேலை.

அடுத்து நாற்பது பேர் போனார்கள். அவர்களும் வரவில்லை. "நாற்பது பேருக்கும் போதுமான சாப்பாடு!" என்று புற்றே பூரித்தது.

மிளகி என்ற எறும்பு மட்டும் அதை நம்பவில்லை. அடுத்த வரிசையில் அவள் தங்கை சின்னி நின்றாள். மிளகி பாதையைவிட்டு விலகி, ஓர் இலைமேல் ஏறிப் பார்த்தாள். அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாரும் சாப்பிடவில்லை! பிசினில் ஒட்டிக்கொண்டு காலை ஆட்டுகிறார்கள்!"

"பார்த்தீர்களா? நம்மைக் கூப்பிடுகிறார்கள்!" என்றாள் பெரியக்கா. "அது சரி, நீ எந்த வழியாகப் போனாய்?"

"இலை வழியாக."

"பாதையை விட்டா? அப்படியானால் உன் பேச்சே செல்லாது!"

மிளகி தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டாள். "போகாதேடி!"

"விடு அக்கா! நான் நன்றாகச் சாப்பிட்டால் உனக்குப் பொறுக்காதே!" சின்னி உதறிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான்.

மாலையில் ராணிக்கு ரோஷம் வந்தது. "என்னை விட்டுவிட்டா விருந்து? கிளம்புங்கள்!" முட்டைகளைத் தூக்கிக்கொண்டு புற்றே புறப்பட்டது. முன்னால் பெரியக்கா.

பிசினருகே வந்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. "நில்லுங்கள்!" என்று கத்தினாள்.

"நகருங்கள், அக்கா! பந்தி முடிந்துவிடும்!" என்று பின்னால் நின்றவர்கள் ஒரே தள்ளாகத் தள்ளினார்கள்.

காலப்போக்கில் அந்தப் பிசின் கல்லாயிற்று. அதற்குள் இன்றும் வரிசை குலையாமல் நிற்கிறார்கள். அந்த வரிசையில் சேராமல் வெளியே தப்பியவள் மிளகி ஒருத்திதான். அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஓர் எறும்புகூட மிஞ்சவில்லை. ராணியில்லாத புற்றில் ஒற்றை வேலைக்காரி எத்தனை நாள் இருப்பாள்? அத்தோடு அந்த இனமே முடிந்தது.

திரும்பி வராதவர்களைச் சாட்சியாகக் காட்டி யாராவது நல்ல சேதி சொன்னால், நம்பிவிடக் கூடாது.