கரைக்காட்சியின் இசை

புதுச்சேரியில் ஒரு பாலே குழு இருந்தது. அவர்களிடம் இருந்த பெரிய நாடகம் ஒன்றே ஒன்று. சந்தையில் விலைபோன பெண்ணை ஒரு கடற்கொள்ளைக்காரன் மீட்டுக் கப்பலேற்றுவான். புயலில் கப்பல் உடையும். அவர்கள் இருவர் மட்டும் கரை ஒதுங்குவார்கள்.

இசை எழுதியவர் இன்னாசி. அரங்கேற்றத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? புது நடனக்காரி வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு துண்டு இசை எழுதி, தாளை இன்னாசியின் இசை நோட்டில் தைத்தார்கள். யாரும் பெயர் போடவில்லை.

இன்னாசியின் மனைவி மதலேன். அவர் போனபின், இசைக்குழுவை நடத்திய சவரிநாதனிடம் வயலின் கற்க வந்து, அந்தக் குழுவிலேயே சேர்ந்தாள். கரைக்காட்சியின் வயலினுக்காகவே பதினோரு வருஷம் வாழ்ந்தாள். முதல்முறை வாசித்தபோதே ஏற்கெனவே கேட்டதுபோல இருந்தது. இன்னாசி வீட்டில் முணுமுணுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அதை வாசிக்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் இருந்தார்.

ஒருநாள் கேட்டாள்.

"மாஸ்டர், கண்டவங்க எழுதினதெல்லாம் எதுக்கு? அவரோடதை மட்டும் ஒரு தடவை முழுசாக் கேக்கணும்."

"முழுசாவா?"

"ஆமா."

சவரிநாதன் கத்தரிக்கோலை எடுத்தார். தையலைப் பிரித்து, மற்றவர்களின் தாள்களை ஒதுக்கி வைத்தார். ஒத்திகை தொடங்கியது.

சந்தைக் காட்சியில் பாதி நடனங்களைக் காணோம். புயல் மட்டும் குறையில்லாமல் அடித்தது. கப்பல் உடைந்தது. கரையில் இருவரும் கை நீட்டினார்கள்.

மதலேனுக்கு அந்த இடம் மனப்பாடம். வில்லை உயர்த்தினாள்.

சவரிநாதன் கை காட்டி நிறுத்தினார். நோட்டை அவள் பக்கம் திருப்பினார். வெற்றுத் தாள். மேலே இன்னாசியின் கையெழுத்தில் ஒரே வரி: 'இங்கே இருவரும் சேர வேண்டும்.'

"அப்போ நான் வாசிச்சது?"

ஒதுக்கியதிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் சவரிநாதனின் கையெழுத்து.

மதலேனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நீங்க எழுதினதா? அவர்னு நம்பி இத்தனை வருஷமா..."

"எழுதி வெச்சது மட்டும்தான் நான்."

"யார் வாசிச்சதை?"

மேடையில் இருவரும் இன்னும் கை நீட்டியபடியே நின்றார்கள்.

"நீ கத்துக்க வந்த முதல் மாசம்," என்றார் சவரிநாதன், "குடுத்த பாடத்தை விட்டுட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ வாசிச்சுக்கிட்டே இருப்பே."