கொற்றனின் வலக்கால்

ஆறுகளுக்கு எவரும் பெயரிடாத காலம். அரச குலத்தார் மண்ணில் கால் பதிக்காத காலம். அந்தக் காலத்துக் கதை இது, கேளுங்கள்.

அரசியின் பல்லக்கைச் சுமந்தவர்களுள் கொற்றன் என்றொருவன் இருந்தான். அவனுடைய வலக்கால் குட்டை. பிறவியிலேயே அப்படி என்பர் சிலர். மரத்திலிருந்து விழுந்து முறிந்தது என்பர் சிலர். குட்டை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்தக் காலடியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஒத்து நடந்துவந்தான். ஒருநாள் கட்டை நழுவிற்று, பல்லக்குச் சாய்ந்தது.

"அடேய் நொண்டி! பல்லக்கைத் தூக்கச் சொன்னால் ஊஞ்சலா ஆட்டுகிறாய்?" என்று சீறினான் சுமப்போர் தலைவன் மருதாண்டான். "ஊனம் தீர்க்கும் என்கிறார்களே, அந்த மலைச்சுனையில் முழுகிக் காலை நேராக்கிக்கொண்டு வா. இல்லையேல் இந்தப் பல்லக்குத் தண்டைத் தொடாதே!" மற்றவர்கள் சிரித்தார்கள்.

கொற்றனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலைவன்மேல் கோபம், சிரித்தவர்கள்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் கால்மேல் கோபம்.

அந்தக் கோபத்தோடே சுனையைத் தேடிப் புறப்பட்டான். அது கோயில் மலை; வலம் வந்தே ஏறவேண்டும், வலம் வந்தே இறங்கவேண்டும். வந்த வழியே திரும்பலாகாது. ஆகவே மேடு எப்போதும் வலப்பக்கம், பள்ளம் எப்போதும் இடப்பக்கம். கொற்றன் தரையைப் பாராமல், கல்லையும் வேரையும் உதைத்துக்கொண்டு ஏறினான். பாறையில் விழுந்தான், எழுந்து வைதான். சருகில் விழுந்தான், எழுந்து வைதான். மூன்றாம் முறை பள்ளத்தின் விளிம்பில் விழுந்து, ஒரு வேரைப் பற்றித் தொங்கினான்.

தவழ்ந்து மேலேறியதும் கட்டையை அவிழ்த்தான். "எல்லாம் உன்னால்தானே!" என்று பள்ளத்தில் வீசியெறிந்தான்.

வெறுங்காலோடு எழுந்தான். ஓரடி வைத்தான், மண் குளிர்ந்திருந்தது. அடுத்த அடி, சரளைக்கல் உருண்டது, விரல்கள் தாமே நிலத்தைப் பற்றிக்கொண்டன. அதற்கடுத்த அடியில் அப்படியே நின்றுவிட்டான். குட்டைக்கால் மேட்டில், நெட்டைக்கால் தாழ்வில். உடல் சாயவில்லை. கட்டையில்லாமல் அவன் இப்படி நேராக நின்றதே இல்லை.

மூச்சும் அடியும் ஒத்துவர மெல்ல நடந்தான். சுனை வந்தது. இரண்டு கை நீர் அள்ளிக் குடித்தான். காலை நனைக்காமலே இறங்கினான்.

பாதி வழியில், மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பிய அரசியின் பல்லக்கு நின்றுகொண்டிருந்தது. சுமந்தவர்களுள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. பல்லக்குப் பள்ளத்தின் பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

"கொற்றா, ஓடி வாடா! தோள் கொடு!" என்று அலறினான் மருதாண்டான்.

கொடுத்தான். சரிவு முடியும்வரை அந்தத் தோள் அசையவில்லை.

ஊர்வாயில் தெரிந்ததும் மருதாண்டான் ஒரு மரத்துண்டை நீட்டினான். "இதைக் கட்டிக்கொள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள்."

கொற்றனின் கோபம் அப்போதும் தணியவில்லை; தன் காலை மட்டும் விட்டிருந்தது. "பார்க்கட்டுமே! சரிவில் வேண்டியிருந்த கால் தெருவில் வேண்டாமோ? வந்தால் இந்தக் காலோடு வருவேன். இல்லையேல் இதோ, நீரே சுமந்துகொள்ளும்!"

திரைக்குள்ளிருந்து அரசியின் குரல் வந்தது: "ஆடினால் ஆடட்டும். நடங்கள்."

பல்லக்கு ஆடி ஆடித் தெருவுக்குள் சென்றது. சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். கொற்றன் அடியை மாற்றவில்லை.

ஆகவே, கேட்டிருந்தோரே, தன் காலை வெறுத்து நடப்பவன் எந்த வழியிலும் விழுவான். தன் காலை அறிந்து நடப்பவன் எவர் சிரிப்புக்காகவும் அடியை மாற்ற வேண்டியதில்லை.