நாலு விநாடிக் கம்ப்யூட்டர்

"டீச்சர், எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்றார் கொம்பையா.

ஜெபராணி ஏதோ ஒரு போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வேறு எந்தத் தொழில் வேண்டும் என்றும் கேட்கவில்லை.

கொம்பையாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் பாளையங்கோட்டையில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டியவர். தியேட்டர் கல்யாண மண்டபம் ஆனபின், தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளான ஜெபராணியிடம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். மரியாதையில் இருவரும் குறை வைத்ததில்லை.

கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் வைத்தார். ஆறுமுகநயினார் அச்சகத்துக் கம்ப்யூட்டர். ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து எழவில்லை. சுவிட்சை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றும். நாலு விநாடியில் நின்றுவிடும். ஐந்து நாளாக இதே கூத்து.

பவர் சப்ளையை மாற்றியாயிற்று. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. பேட்டரி, ஒயர், பிளக் ஒன்றும் பாக்கியில்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"தூங்கினீயளா?" என்று கேட்டாள் ஜெபராணி.

"எங்க தூங்க. மக அப்படியேதான் கெடக்கா."

மகள் ஆவுடைச்செல்வி. அரசுத் தேர்வில் மூன்றாம் முறையும் தேறவில்லை என்று தெரிந்த அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவள். இன்றோடு ஒன்பது நாள். ஒரு வாய் கஞ்சி, ஒரு டம்ளர் தண்ணீர், மறுபடி சுவர். கொம்பையா காலையில் எழுப்புவார். மதியம் வீட்டுக்குப் போய் எழுப்புவார். கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், ஊரில் தேறியவர்கள் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார். இப்படியே கிடந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெற்றவனுக்கு அந்த வார்த்தை வாயில் வருமா?

"அமுக்குங்க" என்றாள் ஜெபராணி.

அமுக்கினார். விசிறி சுற்றியது. நின்றது.

இன்னொரு தரம் அமுக்கச் சொன்னாள். அதுவும் நின்றது.

அவள் பெட்டியைத் திறந்து, சுவிட்சிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயரை உருவினாள். போர்டில் அது மாட்டியிருந்த இரண்டு கம்பிமுள்ளையும் சேர்த்து ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரே ஒரு முறை தொட்டாள். கையை எடுத்துவிட்டாள்.

விசிறி சுற்றியது. நாலு விநாடி ஆனது. பத்து ஆனது. நிற்கவில்லை.

கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

ஜெபராணி பெட்டியின் முகப்பைத் திருப்பிக் காட்டினாள். சுவிட்சின்மேல் பூசைச் சந்தனம், நடுவில் குங்குமம். சாமி காரியத்தில் ஆறுமுகநயினார் கஞ்சத்தனம் பார்க்காதவர். குழைத்த சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து கிடந்தது. விரலை எடுத்த பிறகும் அமுக்கிய சுவிட்ச் உள்ளேயே மாட்டிக்கொண்டு, ஆற அமரத்தான் வெளியே வந்தது.

துடைத்திருக்கலாமே என்று கேட்டாள். பூசைப் பொட்டை அழிக்க மனசு வரவில்லை என்றார் கொம்பையா. அந்தப் பொட்டின்மேலேயே பயபக்தியோடு விரலை வைத்து நாளுக்கு நூறு தடவை அமுக்கியிருந்தார் மனிதர்.

"எல்லா எடத்துலயும் தேடினேன் டீச்சர். நான் கை வச்ச எடத்தத் தேடல."

அவள் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். இடுக்கில் இருந்ததை ஊசியால் கிளறி எடுத்தாள்.

"இது ஒரு தடவ தொட்டாப் போதும் அண்ணாச்சி, எந்திரிச்சிரும். விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா, அணைஞ்சு போன்னு சொல்லுதோம்னு நெனச்சுக்கும்."

கொம்பையா சுற்றும் விசிறியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் அது எந்திரிக்கத்தான் பாத்துச்சா?"

"ஒவ்வொரு தடவயும்."

செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. காலைக் கஞ்சியை மகள் தொடவில்லையாம். போனை அவள் காதில் வைக்கிறேன், எந்திரி என்று ஒரு சத்தம் போடுங்கள் என்றாள்.

கொம்பையா வாயைத் திறந்தார். கண் நிறைந்துவிட்டது.

"அவ காதுல வைக்க வேண்டாம்" என்றார். "கதவு தொறந்தே கெடக்கட்டும். நீ வெளிய வந்து உக்காரு."