ஆறுதலுக்குக் கால் பங்கு

முன்பு ஒரு நாட்டில் விசயகேது என்றொரு ராஜா இருந்தார். ஒருநாள் நகர்வலம் போனபோது, செக்கு நடத்தும் நீலாயியைப் பார்த்து அவளுடைய ஆட்கள், "எங்க மகாராணி!" என்று கும்பிடுவது அவர் கண்ணில் பட்டது. கூலிக்கு மேல் சோறும் துணியும் எண்ணெயும் அவள் கொடுப்பதுதான் காரணம் என்று தெரிந்ததும் ராஜாவுக்கு வயிறு எரிந்தது.

பொக்கிஷ மந்திரி பிங்கலராயர் அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். மறுநாளே முரசு அறைந்தார்கள். கூலிக்கு மேல் ஒரு முதலாளி தன் ஆளுக்கு எது கொடுத்தாலும், அதில் கால் பங்கை, கொடுத்தவரே அரசருக்குக் கட்ட வேண்டும். பௌர்ணமி அன்று பொழுது சாய்வதுதான் கெடு.

ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. சபையில் இதைக் கேட்டதும் விகடகவி தத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிங்கலராயர் விடவில்லை.

"மகாராஜா, தத்தனாருக்குச் சட்டம் நன்றாகப் புரிந்திருக்கிறது போலும். முதலாளிகளுக்கு அவரே பாடம் நடத்தட்டும். கெடு நாளன்று அவர்களில் ஒருவரை நான் சோதிக்கிறேன். அவர் கணக்கில் குறை இருந்தால் அவருடைய தொழில் அரண்மனைக்கு, ஆசிரியரின் தலை கொலைக்களத்துக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, யோசிக்காமல்.

அன்று முதல் தத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மண்டபத்தில் முதலாளிகளைக் கூட்டி வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். பேசிய கூலிக்கு வரி இல்லை. அதற்கு மேல் போனால் உண்டு. கட்ட வேண்டியது கொடுத்தவர், வாங்கியவர் தலையில் அதைக் கட்டக்கூடாது.

"ஐயா, வெயிலுக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கிறேன். அதுக்குமா?" என்றார் வெல்ல வியாபாரி.

"அதற்கும்தான், செட்டியாரே. கால் சொம்பு அரண்மனைக்கு."

"அரமணைக்குப் போறதுக்குள்ள புளிச்சுப் போயிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். தத்தனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இவர்களில் யாரைக் கூப்பிடப் போகிறார் பிங்கலராயர்?

கெடு நாள் மாலை சபை நிறைந்திருந்தது. பிங்கலராயர் எழுந்து, "செக்கு நீலாயி வரலாம்" என்றார்.

நீலாயி வந்து நின்றாள். கொடுத்த சோறு, துணி, எண்ணெய், எல்லாவற்றுக்கும் கால் பங்கைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு குந்துமணி குறையவில்லை. தத்தன் மூச்சு விட்டான். பிங்கலராயர் புன்னகைத்தார்.

"உன் மாட்டுக்காரன் மாசாணம் காய்ச்சலில் கிடந்தானே. அப்போது என்ன கொடுத்தாய்?"

"கஞ்சியும் போர்வையும் குடுத்தேங்க. அதுக்கும் கட்டியிருக்கேன்."

"பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் கொடுத்தாயாமே? அது கூலியில் சேர்ந்ததா?"

"ஆறுதலா? அதுக்கெல்லாமா..."

"'எது கொடுத்தாலும்' என்பது அரசர் வாக்கு. இல்லையென்று தத்தனார் சொல்வாரா?"

தத்தன் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தான். ஆறுதலுக்கு வரி இல்லை என்றால் அரசர் வாக்கைப் பொய்யாக்கிய குற்றம். உண்டு என்றால் நீலாயி கட்டத் தவறியவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாள்தான். சாளரத்தில் வெயில் மஞ்சளாகி மெலிந்துகொண்டிருந்தது. நீலாயி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனைப் பேச வைத்தது.

"உண்டு, மகாராஜா. ஆறுதலுக்கும் வரி உண்டு."

சபை அதிர்ந்தது. "ஒப்புக்கொண்டார்!" என்று கூவினார் பிங்கலராயர்.

"ஆனால் பொழுது இன்னும் சாயவில்லை. இப்போதே கட்டுவாள்." தத்தன் நீலாயியிடம் திரும்பினான். "அம்மா, அன்றைக்கு மாசாணத்திடம் என்ன சொன்னீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

"என்னத்தைச் சொன்னேன்... 'பயப்படாதே. நான் இருக்கேன். கஞ்சியைக் குடி. எல்லாம் சரியாப் போயிடும்.' அவ்வளவுதான் சாமி."

"நான்கு சொன்னீர்கள். நான்கில் கால் பங்கு ஒன்று. எண்ணெய்க்கு எண்ணெய் கட்டினீர்கள், சொல்லுக்குச் சொல்லைக் கட்டுங்கள். பெற வேண்டியவர் அரசர். அவரிடமே கொடுங்கள்."

நீலாயி நடுங்கிக்கொண்டே சிம்மாசனத்தின் அருகே போனாள். எதைச் சொல்வது என்று தெரியாமல் ராஜாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன கண்டாளோ, அவள் நடுக்கம் நின்றது.

"பயப்படாதீங்க ராசா" என்றாள்.

"என்ன துணிச்சல்! அரசருக்கா பயம்?" பிங்கலராயர் அலறினார். காவலர்களின் கை வாளுக்குப் போயிற்று. தத்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜா அசையவில்லை. ஒரு செக்குக்காரியை நாலு பேர் மகாராணி என்றதற்கே தன் அரியணை ஆடிவிட்டதாக அவர் பயந்திருந்தார். அது அவருக்கு மட்டும் தெரியும். இத்தனை நாளில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"தத்தா" என்றார் கடைசியில். "வரி வந்து சேர்ந்தது. குறைவில்லை."

தத்தன் கண்ணைத் திறந்தான்.

"இன்னொன்று சொல். பிங்கலருக்கு நான் பல்லக்கு கொடுத்திருக்கிறேன். அது அவர் சம்பளத்தில் இல்லை. அதற்குக் கட்ட வேண்டியவர் யார்?"

"கொடுத்தவர்தான், மகாராஜா."

"நானா? எனக்கே நானா?" ராஜாவின் தோள்கள் குலுங்கின. பிறகு சபையே அதிரும்படி சிரித்தார். "இந்தக் கணக்கு எனக்குக் கட்டுப்படியாகாது! பிங்கலரே, பல்லக்கு இன்றோடு அரண்மனைக்கே திரும்பட்டும். நோய்க்கும் பசிக்கும் கொடுப்பதற்கு இனி என் நாட்டில் வரி இல்லை, முரசு அறையுங்கள். மற்றதற்கு உண்டு."

நீலாயியை மரியாதையோடு அனுப்பிவைத்துவிட்டு, கழுத்திலிருந்த நான்கு வட முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்கு நீட்டினார். பாதி வழியில் கை நின்றது.

"இதுவும் சம்பளத்துக்கு மேல்தானே?"

"மேல்தான், மகாராஜா" என்றான் தத்தன் பணிவாக.

ராஜா சிரித்தபடி ஒரு வடத்தைப் பிரித்து, வரியாகச் சேர்க்கச் சொல்லிப் பிங்கலராயர் கையில் வைத்தார். மற்ற மூன்றையும் தத்தன் கழுத்தில் போட்டார். பொக்கிஷ சாலை ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. பிங்கலராயர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்த்திருக்க, நடந்தே போனார்.