உக்காராத நாத்தனார்

காங்கயம் பக்கத்துல சுகந்தின்னு ஒரு கும்மி வாத்தியார். வயசு முப்பதுகூட ஆகல. அவங்ககிட்ட வள்ளிக் கும்மி பழகறவங்கள்ல பாதிப் பேருக்கு அவங்க மக வயசு. ஆனா தப்பா அடி வெச்சா யாரா இருந்தாலும் திட்டுதான்.

அப்படித் திட்டு வாங்கினவங்கள்ல ஒருத்தி கலாமணி. அவளுக்கு ஆபரேசன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, வீட்டுல படுத்திருக்கான்னு கேள்விப்பட்டு வாத்தியாரம்மா ஒரு சாயங்காலம் பார்க்கப் போனாங்க.

வாசல் பூரா செருப்பு. உள்ள சத்தமே இல்ல.

கட்டில்ல கலாமணி, தலகாணிய வயித்தோட அணைச்சுட்டு உக்காந்திருந்தா. சுத்திலும் பிளாஸ்டிக் சேர்ல சொந்தக்காரங்க. ஒவ்வொருத்தர் மூஞ்சியும் கருமாதிக்கு வந்த மூஞ்சி. மேசை மேல ஆப்பிளும் பிரட்டும் குமிஞ்சு கெடந்துச்சு. ஒரு தராசு மட்டும் வெச்சா கடை தொறந்துரலாம்.

ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் பாப்பாத்தி செவுத்தோரமா நின்னுட்டு, புதுசா வர்றவங்களுக்கெல்லாம் கதைய மொதல்ல இருந்து சொல்லிட்டிருந்தாங்க.

"பொம்பளைக்கு அதுதானுங்களே எல்லாம். அதே போனப்புறம் என்ன இருக்குது?"

சொல்லிட்டு அவங்களே அழுதாங்க. கலாமணி முந்தானைய எடுத்து கண்ணத் தொடச்சா. கண்ணு காஞ்சுதான் இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல ஒரு பெரியம்மா எந்திரிச்சாங்க. எழவு வீட்டுல இருந்து கெளம்பற மாதிரி, போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லாம நடையக் கட்டினாங்க. அவங்களப் பார்த்து மத்தவங்களும் அப்படியே கெளம்பிட்டாங்க. நாத்தனார் டீ வெக்க அடுப்படிக்குப் போனாங்க.

வாத்தியாரம்மா கட்டில் பக்கம் வந்து மெதுவா கேட்டாங்க. "யாருங்க அக்கா செத்தது?"

கலாமணி தலகாணிய இறுக்கிப் புடிச்சா. "சிரிக்க வெக்காதீங்க வாத்தியாரம்மா. தையல் இழுக்குது."

"வலி எப்படி?"

"கொறஞ்சிருச்சுங்க. ஆனா ஒண்ணு கேக்கோணும். வெளிய சொல்லிராதீங்க."

"கேளுங்க."

"எனக்கு அழுகையே வரமாட்டேங்குதுங்க."

"ம்."

"மாசத்துல பாதி நாளு ரத்தம். எத்தன வருசம். கல்யாண வீட்டுப் பந்தில நிம்மதியா சாப்பிட்டதில்ல. எந்திரிச்சா சேர்ல என்ன இருக்குமோன்னு அந்த நெனப்புலயே சோறு எறங்காது. இப்ப காலைல எந்திரிச்சா மெத்தை விரிப்பு போட்டது போட்டபடி கெடக்குது. அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கறேன். எந்திரிச்சு ஆடோணும்போல இருக்குது. டாக்டர் அடிப்பாருன்னு சும்மா இருக்கறேன்."

"அப்புறம் எதுக்கு முந்தானை?"

"அத்தன தூரம் பஸ் ஏறி அழுவ வர்றாங்க. ஆப்பிள் வேற வாங்கியாராங்க. நான் பல்ல இளிச்சா நல்லாவா இருக்கும்?" கலாமணி கொரலக் கொறச்சா. "இப்படி சந்தோசமா இருக்கறது தப்புங்களா?"

வாத்தியாரம்மா ஒரு ஆப்பிள எடுத்துக் கடிச்சாங்க.

"உங்க நாத்தனார் நல்லா பார்த்துக்கறாங்களா?"

"தங்கமுங்க. ஒரு கொடத்தத் தொட விடமாட்டாங்க. வாயி மட்டும்தான் கொஞ்சம் ஒப்பாரி."

"எங்க உக்காருவாங்க?"

கலாமணி யோசிச்சா. "உக்காந்து பார்க்கலீங்க."

"இத்தன சேர் இருக்குதே."

"நின்னுட்டேதான் இருப்பாங்க. சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

"என்ன கலர்ல சீலை கட்டறாங்க?"

"இன்னிக்கு அரக்கு. நேத்து கருநீலம். அதுக்கு முந்தின நாளும்..." கலாமணி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

"கும்மில நீங்க எந்த வரிசை?"

"கடேசி."

"அடி நல்லாத்தான வெப்பீங்க. முன்னால வாங்கன்னு எத்தன வாட்டி கூப்பிட்டிருப்பேன்."

"எனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாதுங்க. சீலைல பட்டுட்டா பார்த்துருவாங்கன்னு."

வாத்தியாரம்மா ஆப்பிளத் தின்னுட்டே இருந்தாங்க.

நாத்தனார் டீ கொண்டு வந்து ஆளுக்கொண்ணு குடுத்துட்டு, மறுபடியும் செவுத்தோரமா போய் நின்னாங்க.

"நங்கையா, உக்காருங்க," ன்னு நாத்தனாரக் கூப்பிட்டா கலாமணி.

"இருக்கட்டும் அம்மிணி."

"எனக்கு இருந்தது உங்களுக்கும் இருக்குதா?"

நாத்தனார் டம்ளரப் பார்த்தாங்க. வாத்தியாரம்மாவப் பார்த்தாங்க. அப்புறம் தரையப் பார்த்தாங்க.

"போன தையிலயே டாக்டர் கட்டி இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. என்ன ஏதுன்னு மேல பேச வரச் சொன்னாங்க. ஆடி போகட்டும்னேன். அப்புறம் காட்டுல வெங்காயம் எடுக்கட்டும்னேன்."

"ஏனுங்க?"

"பயம்தான். உனக்கு ஆபரேசன் ஆகட்டும், பார்த்துட்டுப் போலாம்னு இருந்தேன். இங்க வந்து பார்த்தா நீ தெனமும் கண்ணத் தொடைக்கற."

"நான் எங்க அழுதேன்? நீங்க அழுவறீங்களேன்னு துணைக்குத் தொடச்சேன்."

"நீ தொடைக்கறயேன்னுதான நான் அழுதேன்."

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தாங்க. கலாமணிக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. தலகாணிய அமுக்கி, "ஐயோ அம்மா" ன்னு வலில கத்தி, மறுபடி சிரிச்சா. அப்புறம் வாத்தியாரம்மாகிட்ட சொன்னத எல்லாம் சொன்னா. பந்தி, சேரு, மெத்தை விரிப்பு, எல்லாம்.

நாத்தனார் தோள்ல கெடந்த துண்ட நாலா மடிச்சு சேர்ல போட்டு உக்காந்தாங்க.

"தும்முனா வலிக்குமா?"

"தலகாணிய அமுக்கிட்டுத் தும்மோணும்."

"வெளிக்குப் போறப்ப?"

"மொதல்ல ரெண்டு நாளு கொலசாமியெல்லாம் கண்ணு முன்னால வரும். அப்புறம் வராது."

"எனக்கும் எடுத்தே ஆகோணுமா?"

"அது டாக்டர் சொல்லோணும். மாத்திரைலயே சரியாகறவங்களும் இருக்காங்களாம். மொதல்ல போய் உக்காந்து கேளுங்க."

"நீயும் வருவியா?"

"என்னைய கார்ல உக்கார விட்ட அன்னிக்கே போலாம்."

வாத்தியாரம்மா டம்ளர கீழ வெச்சுட்டு எந்திரிச்சாங்க. செருப்பு மாட்டறப்பதான் கலாமணிக்கு ஞாபகம் வந்துச்சு.

"வாத்தியாரம்மா, நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலீங்களே. சந்தோசமா இருக்கறது தப்புங்களா?"

நாத்தனார் அதுக்குள்ள சேர இழுத்து கட்டிலோட ஒட்டிப் போட்டிருந்தாங்க. அடுத்த கேள்வி கேக்க வாயத் தொறந்து வெச்சிருந்தாங்க.

"அவங்களக் கேளுங்க," ன்னாங்க வாத்தியாரம்மா.