முப்பத்தொரு வணக்கம்

"இந்த மைக் சரியில்லீங்க குரு அம்முணி," என்றார் நஞ்சப்பன்.

குரு தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு வயது பதினேழு. பெயர் சம்யுக்தா. கோயம்புத்தூரில் எட்டு மாடி அடுக்ககம் ஒன்றின் மொட்டை மாடிதான் அவளுடைய மலையுச்சி. அங்கிருந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூக்கால் பேசுவது, இஸ்திரிக்காரர் இரண்டு இருமலுக்கு நடுவே பேசுவது, மூன்றாம் மாடி மாமி போனில் அழுவது எல்லாம் அவள் தொண்டையிலிருந்து அச்சு அசலாக வரும். நானூறு பேர் கேட்கிறார்கள். செயலாளரும் கேட்கிறார். அந்த மூக்கு யாருடையது என்று யோசித்து யோசித்துச் சிரிக்கிறார்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக். அந்த அடுக்ககத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதே முப்பது வருஷமாக அவருக்கு வேலை. அந்தக் கதைகளை ஒரு பாட்காஸ்டாகச் சொல்ல ஆசைப்பட்டு மைக் வாங்கினார். வாங்கி நாலு மாதம். ஒரு எபிசோட் வெளியே வரவில்லை.

இப்போது அவசரம் வந்துவிட்டது. மச்சான் கதிர்வேல் வண்டியில் வெங்காயம் விற்கிறவன். கூவிக் கூவித் தொண்டை போய்விட்டது. சும்மா கிடக்கிற மைக்கை எனக்குத் தந்தால் என்ன என்று அக்காவிடம் கேட்டான். அக்கா கணவரிடம் கேட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு எபிசோடாவது போடாவிட்டால் மைக் வெங்காய வண்டிக்கு என்று நஞ்சப்பன் வாயை விட்டுவிட்டார்.

அன்று திங்கள்.

"எத்தனை தடவை பேசிப் பாத்தீங்க அங்கிள்?"

"முப்பத்தொண்ணு. எல்லாத்தையும் அழிச்சுட்டனுங்க."

"எந்த இடத்துல நின்னுச்சு?"

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். "வணக்கம் சொன்னதும்."

குரு கொய்யாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பீரோவுக்குள்ள போய்ப் பேசுங்க," என்றாள்.

*

நஞ்சப்பன் குருவின் வாக்கைத் தட்டாதவர். பீரோவின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வணக்கம் என்று ஆரம்பித்தார். பூச்சி உருண்டை வாசனையில் தும்மல் வந்தது. தும்மி முடித்து மறுபடி வணக்கம் சொன்னபோது மனைவி கதவைத் திறந்தாள்.

தேங்காய்ப்பூ நிறப் புடவையை உருவிக்கொண்டு கதவை மறுபடி சாத்திவிட்டுப் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் மைக்கோடு மொட்டை மாடிக்கு ஏறினார். பீரோவுக்குள் சத்தம் சுத்தமாக விழுகிறது, எதிரொலி இல்லை, தெரு நாய் இல்லை, ஆனால் திருப்பிக் கேட்டால் தனக்கே கொட்டாவி வருகிறது என்று முறையிட்டார். தன் குரல் அப்படி, கடவுள் கொடுத்தது அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினார். வணக்கம் அன்பார்ந்த நேயர் பெருமக்களே என்று ஆரம்பித்து, தொண்டையில் பன்னீரைத் தெளித்துக்கொண்டு ஒருவர் பேசினார்.

குரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அதே வணக்கத்தைத் தானும் சொன்னாள். அச்சாக அதே குரல். அந்தக் குரலிலேயே ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றாள். அந்தக் குரலிலேயே பட்டுப்புடவைக்குத் தள்ளுபடி என்றாள். காணாமல் போன குழந்தையின் பெற்றோர் திருவிழாப் பந்தலுக்கு வரவும் என்றாள். எல்லாவற்றுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது.

நஞ்சப்பன் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் வாய் கோணிக்கொண்டது.

"அப்ப என்ற சொந்தக் குரல் எதுங்க அம்முணி?"

"நான் இன்னும் கேட்கலையே அங்கிள்," என்றாள் குரு. "பீரோவுக்குள்ள யாருகிட்ட பேசினீங்க?"

"நேயர்கள்கிட்ட."

"அவங்க எப்படி இருந்தாங்க?"

நஞ்சப்பன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"இருட்டா இருந்துச்சுங்க," என்றார்.

குரு தொட்டியிலிருந்து குதித்து இறங்கினாள். மைக்கைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

*

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை மச்சான் போன் செய்து, மைக்குக்கு உறை உண்டா, வெங்காயத் தூசி படாமல் இருக்குமா என்று விசாரித்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு குருவின் அடுக்ககத்து வாட்ச்மேன் தங்கராசுவிடமிருந்து அழைப்பு. லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, கீழே எல்லாம் பார்த்தாகிவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், குழந்தை அழுகிறது என்றான்.

நஞ்சப்பன் வண்டியை உதைத்தார்.

மேலே மோட்டார் அறையில் பிரேக்கைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லாமல் கதவைத் தொடக்கூடாது என்பது அவர் தொழிலில் விதி. உதவியாள் சிங்காநல்லூரிலிருந்து வர நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை கதவுக்கு வெளியே இருந்து பேச வேண்டும். அதுவும் வேலைதான்.

ஐந்தாம் மாடியில் கதவோரம் மண்டியிட்டு, இடுக்கில் வாயை வைத்தார்.

"உள்ள இருக்கறவங்க பேரு என்னங்க?"

முதலில் ஒரு கரகரத்த குரல் வந்தது. சுப்பண்ணன், ஈரோட்டில் ஜவுளி யாவாரம், இந்த லிஃப்டைச் செய்தவனைக் கூட்டி வரச் சொல் என்றது. அடுத்தது நடுங்கும் பெண் குரல். கோமதி, ஆறாம் மாடிக்கு விருந்தாளியாக வந்தவள், மூச்சு முட்டுகிறது என்றது. மூன்றாவது விசும்பல் மட்டும். பேர் கேட்டதும் தேஜு என்றது. வயசு கேட்டதும் ஆறு என்றது.

"தேஜு சாமி, இப்ப டக்குனு ஒரு சத்தம் கேக்கும். பயந்துக்காத. அது நான்தான்."

ஸ்பானரால் கதவை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு தட்டு திரும்பி வந்தது.

பிறகு மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பேசினார். கோமதியம்மாவுக்கு, மேலே காற்றுக்கு ஓட்டை இருப்பதையும், தலையைத் தூக்கினால் காற்று கன்னத்தில் படும் என்பதையும், பிரசவ வார்டு செவிலி மாதிரி மெதுவாக. சுப்பண்ணனுக்கு, ஒரு கயிறு அறுந்தாலும் மீதி கயிறுகள் தாங்கும் என்று கணக்கோடு, குரலைக் கொஞ்சம் தூக்கி, ஏனென்றால் கோபக்காரருக்குப் பணிந்து பேசினால் கோபம் ஏறும். தேஜுவுக்கு, லிஃப்ட் என்பது கிணற்று வாளி, நீதான் தண்ணி, சிந்தாமல் உட்கார் என்று.

கதை வேண்டும் என்றது தேஜு.

நஞ்சப்பன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். கல்யாண மண்டப லிஃப்டில் மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கதையை எடுத்தார். மாப்பிள்ளையோடு உள்ளே ஒரு தவில்காரர். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம். பதற்றத்தில் தவில்காரர் உள்ளேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே நின்றவர்கள் தாலி கட்டியாச்சு என்று நினைத்து லிஃப்ட் கதவின் மேல் அட்சதை போட்டார்கள்.

உள்ளே சுப்பண்ணன் கரகரவென்று சிரித்தார். கோமதியம்மா மூச்சு முட்டுவதை மறந்துவிட்டு, பொண்ணு எங்கே இருந்தாள் என்று கேட்டாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். கதவு நாலு விரக்கடைதான் திறக்குது. அதுக்கு மேல அசைய மாட்டேங்குது. பொண்ணு கூட்டத்தை விலக்கிட்டு நேரா கதவுக்கிட்ட வந்தா. வந்து…"

லிஃப்ட் உறுமியது. விளக்கு எரிந்தது. பெட்டி மெல்ல மேலே வந்து நின்றது. கீழே தங்கராசு, நாற்பது நிமிடம் கழித்துப் போடச் சொல்லி குரு அணைக்க வைத்திருந்த சுவிட்சை, சொன்னது சொன்னபடி போட்டிருந்தான்.

கதவு திறந்தது.

உள்ளே குரு மட்டும் இருந்தாள். கதவு இடுக்கை ஒட்டி நஞ்சப்பனின் மைக். அதன் வயர் அவள் மடியிலிருந்த போனுக்குப் போயிற்று. போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். நாலு மூலையையும் பார்த்தார்.

"கோமதியம்மா எங்கீங்க? சுப்பண்ணன்? குழந்தை?"

குரு சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக் காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு ஆறு வயசுக் குரலில் கேட்டாள்:

"மாமா, பொண்ணு வந்து?"

நஞ்சப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே போய், மைக்குக்கு எதிரே உட்கார்ந்தார். கதவு மூடும் பொத்தானை அழுத்தினார். சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான். வண்டியோடு கீழே வாசலில் நிற்கிறானாம், மைக் எங்கே என்று கேட்டான்.

"வேற பாத்துக்க மாப்ள," என்றார் நஞ்சப்பன். "இதுல ஆள் இருக்காங்க."