கூகைமலைக் கோட்டையின் வாசற்கதவு

காவக்குடிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரான புளியங்கரையில் சொல்லித் திரிவார்கள். அபாண்டம். மூளை இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு மேலே கூகைமலை. மலையுச்சியில் ஒரு கோட்டை. கும்பினிப் படை பீரங்கியோடு வந்த காலத்தில் பாளையக்காரர் அங்கே நின்று சண்டை போட்டார். கோட்டைக்குக் காவல் இருந்தவர்கள் காவக்குடிக்காரர்களின் முப்பாட்டன்மார். அவர்கள் எப்படிக் காத்தார்கள் என்பது இப்போது போய்ப் பார்த்தாலே தெரியும். ஒரு வாசலும் அதில் ஒரு வேங்கைமரக் கதவும்தான் மிச்சம். சுவரெல்லாம் சரிந்து புல் முளைத்து, வெள்ளாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன.

ஆனாலும் மரியாதை மரியாதைதானே. வருஷா வருஷம் கோட்டைக் காளி திருவிழாவில், காவல் வம்சத்து ஆண்கள் நாலு பேர் மலையேறிக் கோட்டையில் தீ மூட்ட வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் கீழே புகை தெரிந்தால் கோயிலில் முதல் பரிவட்டம் காவக்குடிக்கு. தெரியாவிட்டால் புளியங்கரைக்கு. அவர்களும் ஒவ்வொரு வருஷமும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையைத் தயாராகக் கொண்டுவந்து நிற்பார்கள்.

இந்த முறை பரிவட்டம் கட்டப்போகிற தலை தவசியப்பனுடையது. அவருடைய தாத்தா கட்டியிருக்கிறார், அப்பா கட்டியிருக்கிறார். தன் காலத்தில் அது கைவிட்டுப் போனால் நாண்டுகொண்டு செத்துப்போவேன் என்று ஊர் நடுவில் சொல்லியிருந்தார். கூடப் போனவர்கள் தம்பி சடையாண்டி, மைத்துனன் மொக்கச்சாமி, அக்காள் மகன் ஒச்சப்பன். சாமி விறகைச் சடையாண்டியும் மொக்கச்சாமியும் சுமந்தார்கள். தீப்பெட்டி ஒச்சப்பனிடம் இருந்தது. பீடி குடிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

மலையடியில் வனக்காவலர் ஒருவர் நிறுத்திப் புத்தி சொன்னார். நல்ல மனிதர். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"செங்குத்து ஏத்தம், வழுக்கும். முன்னால போறவரு கால் வச்ச எடத்துலயே கால் வைங்க. அட்டை கடிச்சாப் பிடுங்காதீங்க, ரத்தம் குடிச்சதும் தானா விழுந்துரும். ஆனை நடமாட்டம் இருக்கு. என்ன ஆனாலும் காட்டுக்குள்ள சத்தம் போடக் கூடாது."

முதல் வளைவிலேயே தவசியப்பன் பாசிப் பாறையில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். சடையாண்டி அதே பாறையைத் தேடிப் பிடித்துக் கால் வைத்து விழுந்தான். மொக்கச்சாமிக்கு மட்டும் கால் வழுக்கவில்லை. சரியான இடத்தில் வைக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போய், இன்னொரு தரம் வைத்து, விழுந்த பிறகுதான் மனசு ஆறினான்.

கொஞ்ச தூரத்தில் சடையாண்டியின் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறியது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எம்புட்டு நேரம் குடிக்கும்ணே?" என்று சடையாண்டி கிசுகிசுத்தான்.

"அதுக்குப் பசி எப்படியோ அப்படி," என்றார் தவசியப்பன்.

"நடந்துக்கிட்டே குடிக்கட்டுமே மாமா," என்றான் ஒச்சப்பன்.

"புரையேறிச் செத்துச்சுன்னா பாவம் யாருக்கு?" என்று மொக்கச்சாமி கேட்டான். நியாயமான கேள்வி. அட்டை வயிறு நிறைந்து விழும்வரை காத்திருந்தார்கள். வெயில் ஏறியது.

அதற்கப்புறம் ஒச்சப்பன் ஒரு பள்ளத்தில் விழுந்தான். சத்தம் போடக் கூடாதல்லவா? கையை மட்டும் மேலே நீட்டி ஆட்டினான். திரும்பிப் பார்த்த மொக்கச்சாமி, போய்வா என்கிறான் போலிருக்கிறது என்று தானும் கையை ஆட்டிவிட்டு நடந்தான். ஒச்சப்பன் வேரைப் பிடித்துத் தானே ஏறி வந்து சேர்ந்துகொண்டான். யார் மேலும் அவனுக்கு வருத்தமில்லை.

உச்சிக்கு வந்து பார்த்தால் கோட்டைக் கதவு சாத்திக் கிடந்தது. போன மழைக்காற்றில் அறைந்து, உள்தாழ்ப்பாளும் விழுந்திருக்கிறது. தவசியப்பன் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாளையக்காரர் போருக்கு முன்னால் முப்பாட்டன்மாருக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். கோட்டைக்குள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழியில் வருகிறவன் பகையாளி. உள்ளே இருக்கிறவன், வெளியே யார் நின்று கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. பாளையக்காரர் போய்ச் சேர்ந்தார், கும்பினியும் போய்ச் சேர்ந்தது. கட்டளையை எடுத்துவிட்டோம் என்று காவக்குடிக்கு மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை.

தட்டித் தட்டிக் கை வீங்கிய நேரத்தில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரது கதவைத் தட்டுறது?"

ஒச்சப்பன் குரல். ஒன்றுக்குப் போக ஒதுங்கினவன், புதர் புதராக நடந்து, சுவர் இல்லாததால் தெரியாமல் கோட்டைக்குள் போய்விட்டிருந்தான்.

"டேய், நாந்தான்டா. கதவைத் தொற," என்றார் தவசியப்பன்.

ஒச்சப்பன் யோசித்தான்.

"அது எப்படி மாமா? நான் உள்ள இருக்கேன். நீங்க வெளிய நிக்கிறீங்க. தொறக்கக் கூடாதுல்ல?"

"அவன் சொல்றது வாஸ்தவம்ணே," என்றான் சடையாண்டி.

"வாஸ்தவம் என்ன? அவன் வாசல் வழியாப் போகல. அவன் பகையாளி," என்றான் மொக்கச்சாமி.

சொந்த அக்காள் மகன் கோட்டையைப் பிடித்துவிட்டான். விறகு இவர்களிடம், தீப்பெட்டி அவனிடம். சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

"வெறகைத் தூக்கி உள்ள போடுங்க மாமா, நான் பத்த வச்சிர்றேன்," என்றான் ஒச்சப்பன்.

"பகையாளிக்கு வெறகு குடுத்தா நாளைக்கு ஊரு காறித் துப்பாதா?" என்ற தவசியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே புளியங்கரைக்காரன் தலையைத் துடைத்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் தெரிந்தது. கோட்டை வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அப்போது சடையாண்டி சும்மா கேட்டான். "ஏப்பா, தீப்பெட்டி இருக்கா?"

பீடி குடிக்கிறவன், யார் கேட்டாலும் நெருப்பை இல்லையென்று சொல்ல மாட்டான். பகை வேறு, பழக்கம் வேறு. தீப்பெட்டி கதவைத் தாண்டி வந்து விழுந்தது.

ஆனால் எங்கே மூட்டுவது? தீ கோட்டையில் எரிய வேண்டும். இவர்கள் நிற்பது கோட்டைக்கு வெளியே.

"கதவு கோட்டையில சேத்தியா, வெளியில சேத்தியா?" என்று மொக்கச்சாமி கேட்டான்.

மூவரும் கதவைச் சுற்றி நின்று ஆராய்ந்தார்கள். கோட்டையில்தான் சேர்த்தி என்று தீர்ப்பாயிற்று. விறகைக் கதவில் சாத்தித் தீ வைத்தார்கள். பழைய வேங்கைமரம் திகுதிகுவென்று பிடித்தது. புகை மலைக்கு மேலே போனது. கீழே வேட்டுச் சத்தமும் கொட்டுச் சத்தமும் கேட்டன. தவசியப்பன் தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். இது சந்தோஷ அழுகை.

தணல் ஆறியது. ஒச்சப்பன் நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வாடா போகலாம்."

"எப்படி மாமா வர்றது? வாசல் கதவு இல்லையே."

நால்வரும் சாம்பலைப் பார்த்தார்கள். கதவு இல்லாதது வாசலாகுமா? ஆகாது. அவனை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் இறங்கினார்கள்.

கீழே கோயிலில் பூசாரி கையைப் பிசைந்தார். "ஏறுனது நாலு பேரு. நாலு பேரும் ஆத்தா முன்னால நின்னாத்தான் பரிவட்டம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல புளியங்கரைதான்."

தச்சரிடம் சொல்லிக் கதவு செய்ய ஏது நேரம்? விடிந்ததும் விடியாததுமாகத் தவசியப்பன் தன் வீட்டு வாசற்கதவைக் கழற்றினார். அவர் மனைவி அங்காயி ஏன் என்று கேட்டாள். கோட்டை விஷயம், பொம்பளைக்குச் சொல்லக் கூடாது என்றார். மூன்று பேரும் அந்தச் செங்குத்தில் கதவைச் சுமந்து ஏறினார்கள். வழியில் ஒரு கரடி கதவைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று. அதற்கு இருக்கிற விவரம் அவ்வளவு.

மேலே கதவை வாசலில் நிறுத்திச் சடையாண்டியும் மொக்கச்சாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பசியில் துவண்டு கிடந்த ஒச்சப்பன் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டி, கதவைத் திறந்து, கம்பீரமாக வெளியே வந்தான். வந்ததும் கதவைச் சாத்தினான். கோட்டையைத் திறந்து போட்டுவிட்டு வர முடியுமா? கல்லை அண்டக் கொடுத்து நிறுத்திவிட்டு இறங்கினார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆத்தா முன்னால் நாலு பேரும் நின்றார்கள். தவசியப்பன் தலையில் பரிவட்டம் ஏறியது. புளியங்கரைக்காரர்கள் எண்ணெய்த் தலையோடு வீட்டுக்குப் போனார்கள். ஊரே கொட்டடித்துத் தவசியப்பனை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றார்.

"உள்ள வாங்க, சோறு ஆறுது," என்றாள் அங்காயி.

"எப்படி வர்றது? கதவு இல்லையே."

அங்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பல வருஷம் குடித்தனம் நடத்தினவள். எதற்கும் அசரவில்லை. "வராட்டிப் போங்க. அந்தத் தலைத் துணியைக் குடுங்க. வாசல்ல கட்டிக்கிறேன், நாய் வருது," என்று பரிவட்டத்தை உருவி, நிலையில் ஆணியடித்துத் திரையாகத் தொங்கவிட்டாள்.

தவசியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போது வாசலுக்குக் கதவு மாதிரி ஒன்று வந்துவிட்டதே. மேல்துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முறைப்படி துணியைத் தட்டினார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். அந்தத் தெருப் பக்கம் போனால் பாருங்கள், இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.